கவாத்துத் தியானம்

போன்ல பேசினது வீட்டம்மாவா சார்? தப்பா நெனைக்காதீங்க, ஒட்டுக் கேக்கல. அவுக சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு. மாத்திரை போட்டீங்களா, ஜன்னலோரமா ஒக்காந்தீங்களா, வரும்போது பச்சை மொளகா வாங்கிட்டு வாங்க... இம்புட்டுத்தான். ஆனா கேக்க எம்புட்டு நல்லாருந்துச்சு. அதுக்குள்ள வச்சுட்டீங்களே.

எம் பேரு இன்னாசி. கம்பத்துக்கு மேக்க, மலையடிவாரத்துல ஒன்றரை ஏக்கர் திராட்சை. பன்னீர் திராட்சை. கல்லுத்தூணு நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டது எங்கப்பா. நான் ஆலடி விலக்குல எறங்கணும். அங்கதான் மச்சினன் வீடு. எம் பொண்டாட்டி அங்க இருக்கா. மூணு மாசமாச்சு.

சண்டையெல்லாம் இல்ல சார். அதான் சொல்ல வாரேன். சண்டை போட்டிருந்தாத் தேவலையே. இன்னதுக்குக் கோவம்னு தெரிஞ்சிருக்கும், கால்ல விழுந்திருப்பேன். இருபத்திரண்டு வருசம் வாழ்ந்திருக்கோம். குடிக்க மாட்டேன். சீட்டுத் தொட மாட்டேன். ஒரு நாள் கை நீட்டினேன்னு எவனாவது சொல்லட்டும், இந்த பஸ்ஸுலயே காதறுத்து வச்சுட்டுப் போறேன்.

நீங்க நெத்தியில விபூதி வச்சிருக்கீங்க. அப்ப எங்க தியானத்தப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதச் சொன்னாத்தான் மத்தது புரியும்.

ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு எங்களுக்குத் தவக்காலம். கறி மீனு கெடையாது, கல்யாணம் காச்சி கெடையாது. ஜெபம், தவம், அவ்வளவுதான். அந்த நாப்பது நாள்ல ஒரு சனிக்கிழமை எந்தோட்டத்துல தியானம் நடக்கும். பதினாறு வருசத்துக்கு முந்தி எங்க பங்குக் கோயில்ல இருந்த சாமியாரு ஆரம்பிச்சு வச்சது. "இன்னாசி, நான் பீடத்துல நின்னு கத்துறது இவங்களுக்கு ஏற மாட்டேங்குது. நீ கொடி வெட்டுற கத்தரியக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொன்னா ஏறும்"னாரு. அவரு மாத்தலாகிப் போயி, அடுத்து நாலு சாமியாருக வந்துட்டாங்க. தியானம் நிக்கல. மதுர, திண்டுக்கல்லுல இருந்தெல்லாம் வேன் பிடிச்சு வருவாங்க சார். நான் எட்டாப்புதான் படிச்சிருக்கேன். எஞ் சொல்லக் கேட்டு சிஸ்டர்மாரு நோட்டுல குறிப்பெடுப்பாங்க.

என்ன சொல்லுவேன்னா... யேசு சாமி சொன்னதுதான், நானா ஒண்ணும் சொல்லல. அவரு கொடி, நாமெல்லாம் கிளை, மேல இருக்கற அப்பா தோட்டக்காரரு. மொதல்ல எல்லாரையும் பந்தலுக்கு அடியில நிக்க வச்சு அண்ணாந்து பாக்கச் சொல்லுவேன். பச்சைப் பசேல்னு இருக்கும். தவக்காலத்துக்குன்னே ஒரு வரிசைய வெட்டாம நிறுத்தி வச்சிருப்பேன். "நல்லாருக்கா?"ன்னு கேப்பேன். "நல்லாருக்கு"ம்பாங்க. "காய் எங்க?"ன்னு கேப்பேன். தேடுவாங்க. இருக்காது. இலைதான் இருக்கும். "உங்க வாழ்க்கையும் இப்படித்தான்"னு சொல்லிட்டுக் கத்தரிய எடுப்பேன்.

அதுக்குப் பேரு கவாத்து. போன தடவ காய்ச்ச கிளைய துளிர் விடுற கண்ணு ரெண்டு மூணு விட்டுட்டு நறுக்கி எடுக்கணும். பாத்தாப் பாவமா இருக்கும், மொட்டையா நிக்கும். வெட்டின எடத்துல சொட்டுச் சொட்டாத் தண்ணி வடியும். "பாருங்க, கொடி அழுவுது, ஆனா நாலே மாசத்துல கொத்துக் கொத்தாக் காய்க்கப் போகுது. ஆண்டவர் உங்ககிட்ட இருந்து எதையாவது எடுத்தாருன்னா, குடுக்கத்தான் எடுக்கிறாரு"ன்னு சொல்லுவேன். அந்த எடத்துல நெறையப் பேரு அழுதுருவாங்க. ஒருத்தரு, லாரி டிரைவரு, புருசனும் பொண்டாட்டியுமா வந்தவங்க, அந்தத் தண்ணியத் தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டு அன்னிக்கோட குடிய விட்டாரு. இன்னிக்கும் கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணுவாரு. அதனால சொல்லுறேன், தியானம் பொய்யில்ல சார். நல்லது நடந்திருக்கு.

கடைசியிலதான் நெருப்பு.

காய்க்கவே காய்க்காத கிளைன்னு ஒண்ணு இருக்கும். எத்தன தடவ கவாத்துப் பண்ணினாலும் இலைதான் விடும். அதத் தேடிப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டுவேன். "இதப் பாருங்க. தண்ணி குடிக்குது, உரம் திங்குது, எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. இதால பிரயோசனம் உண்டா?" "இல்ல"ம்பாங்க எல்லாரும் சேந்து. ஒரே வெட்டு. வெட்டி நெருப்புல போட்டுருவேன். பச்சைக் கிளை லேசுல எரியாது சார், புகைஞ்சுக்கிட்டே கெடக்கும். தீ நல்லாக் கங்காயிருக்கணும், அதுவும் சரியா நான் அந்த எடத்துக்கு வரும்போது. அந்தப் பதம் சலேத்துக்குத்தான் தெரியும்.

சலேத்துங்கிறது எம் பொண்டாட்டி. சலேத்மேரி. நெருப்ப அவதான் மூட்டி வைப்பா. பதினாறு வருசத்துல ஒரு தடவ கூட புகைய விட்டதில்ல. நெருப்பு மூட்டணும், முப்பது நாப்பது பேருக்குக் காப்பி போடணும், பந்தலுக்கடியில பாய் விரிக்கணும், எல்லாம் அவதான். வாய் பேச மாட்டா. என் ஊழியத்துல பாதி அவளோடதுன்னு கோயில்ல மைக்குலயே சொல்லியிருக்கேன். எந்தப் புருசன் சொல்லுவான்?

பிள்ளைகளா? இல்ல சார். ஆண்டவர் குடுக்கல. மூணாம் வருசம் ஒண்ணு தங்குச்சு, ஆறாம் மாசம் தவறிப்போச்சு. அது கவாத்து சமயம். கூலியாளு கெடைக்காம ரெண்டு பேருமாத்தான் நாள் பூரா கையத் தூக்கிக்கிட்டு நின்னு வெட்டினோம். அப்புறம் தங்கவே இல்ல. தேனியில ஒரு டாக்டரம்மா, ரெண்டு பேரும் வாங்க, ரெண்டு பேருக்கும் பரிசோதனை பண்ணணும்னு சொன்னாங்களாம். எனக்கென்ன சார் கொறை? எங்க வம்சத்துல ஆறுக்குக் கொறைஞ்சு எவனுக்கும் இல்ல. அவள மட்டும் அனுப்பி வச்சேன். ரெண்டு தடவ போனா, அப்புறம் போகல. எங்கம்மா சாகிற வரைக்கும் இன்னொண்ணு கட்டு, இன்னொண்ணு கட்டுன்னு நச்சரிச்சாக. மாட்டேன்னுட்டேன். அவளக் குத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தப் பேச்சையே வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன். பேசினாத்தானே வருத்தம்?

என்ன சார், திடீர்னு வெளிய பாக்க ஆரம்பிச்சுட்டீங்க? வெயிலடிக்குதா? ஸ்க்ரீன இழுத்து விடுங்க.

சரி. இந்த வருசத் தியானத்துக்கு வாரேன். முப்பத்திரண்டு பேரு வந்தாங்க. பாதிக்கு மேல புதுசாக் கல்யாணமான சோடிக. ஃபாதர் அமலன்னு இப்ப இருக்கற சாமியாரு கூட்டியாந்தாரு. அன்னிக்கு எனக்கு நல்லா வந்துச்சு சார். சில நாளு அப்படி அமையும், நாக்குல யாரோ வந்து ஒக்காந்த மாதிரி. கடைசியில கிளைய வெட்டி நெருப்புல போட்டேன். சுர்ருன்னு எரிஞ்சுச்சு. அப்ப ஒரு பொம்பளப் பிள்ள, இருபத்தஞ்சு வயசு இருக்கும், கையத் தூக்கி, "அண்ணே, ஒரு சந்தேகம். காய்க்காததுக்குக் காரணம் மண்ணாக் கூட இருக்கலாமில்ல? கிளைய ஏன் வெட்டணும்?"னு கேட்டுச்சு.

நல்ல கேள்வி. பதினாறு வருசத்துல யாரும் கேக்காத கேள்வி. நான் சட்டுன்னு சொன்னேன்: "மண்ணு நல்ல மண்ணும்மா. எங்க பாட்டன் பூட்டன் மண்ணு. பக்கத்து வரிசைக் கிளையெல்லாம் இதே மண்ணுலதானே காய்ச்சுத் தொங்குது? மண்ணுமேல பழி போடாதீங்க. குத்தம் கிளையிலதான்."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கை தட்டினாங்க. தியானத்துல கை தட்டுறது வழக்கமில்ல, இருந்தும் தட்டினாங்க. அந்தப் பொண்ணு மட்டும் தட்டல.

சலேத்து காப்பித் தட்டோட வந்துக்கிட்டிருந்தா. தட்ட அப்படியே தரையில வச்சா. ஒரு டம்ளரு கூடச் சிந்தல. வச்சுட்டு வீட்டுக்குள்ள போயிட்டா. சரி, பலகாரம் எடுக்கப் போறான்னு நெனச்சேன்.

நான் அவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயி, வழியனுப்பிட்டு, பொழுது சாயத் திரும்பி வந்தேன். வீடு கூட்டிக் கெடந்துச்சு. முப்பத்திரண்டு டம்ளரும் கழுவிக் கவுத்தியிருந்துச்சு. பாயெல்லாம் சுருட்டி மூலையில நிறுத்தியிருந்துச்சு. சோறாக்கி மூடி வச்சிருந்தா. ஆளக் காணோம். மச்சினன் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னாளே, பாக்கப் போயிருப்பான்னு சாப்பிட்டுப் படுத்துட்டேன். பீரோவுல அவ சேலைக இல்லைங்கிறத நாலாம் நாளுதான் கவனிச்சேன்.

மொதத் தடவ போகும்போது ஒரு கூடை பழம் கொண்டு போனேன். வாங்கி வச்சா. சோறு போட்டா. கொழம்பு அதே ருசி. "கிளம்பு, போவோம்"னேன். "நீங்க போயிட்டு வாங்க"ன்னா. மச்சினன் பிரகாசம் நல்ல பையன், எம் மேல மரியாதை உள்ளவன். பஸ் ஏத்திவிட வந்தவன், "மாமா, நான் கேட்டுப் பாத்துட்டேன். அக்கா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. நீங்க என்ன சொன்னீங்க?"ன்னு கேக்குறான். நான் என்னடா சொன்னேன்? நான் அவகிட்ட எதுவுமே சொல்லலையே!

ரெண்டாந் தடவ ஃபாதர் அமலனையே கூட்டிட்டுப் போனேன். அவரு பக்குவமாப் பேசினாரு. "சலேத்தம்மா, திருமணம் ஆண்டவர் போட்ட முடிச்சு. இன்னாசி அண்ணன் உங்களுக்கு ஏதாவது கொடுமை பண்ணினாரா?" "இல்லீங்க ஃபாதர்." "அப்புறம்?" அவ அவருக்குக் காப்பியக் குடுத்துட்டு, "ரெண்டு வருசமாத் தோட்டத்துக்கு வாரீங்க ஃபாதர். அந்த நெருப்ப யாரு மூட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா.

சம்மந்தமில்லாத கேள்வி. ஆனா ஃபாதரு பாதிக் காப்பியோட டம்ளர வச்சுட்டாரு. கார்லயே திரும்பினோம். எங்க ஊரு வளைவு வந்ததும், "இன்னாசி, அடுத்த வருசம் தியானம் வேண்டாம்"னாரு. "ஏன் ஃபாதர்?"னேன். "வேண்டாம்"னுட்டு எறக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. பதினாறு வருச ஊழியம் சார்! நான் என்ன பாவம் பண்ணினேன்? பொண்டாட்டியும் போயி, தியானமும் போயி, ரெண்டும் ஏன் போச்சுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

சலேத்து அங்க இப்ப வேலைக்குப் போறா. சிஸ்டர்மாரு நடத்துற சின்னப் பிள்ளைக விடுதியில சமையலு. சொந்தத் தோட்டத்துக்காரி போயி எவன் எவன் பிள்ளைக்கோ ஆக்கிப் போடுறா. நான் ஒரு நாள் சொல்லாமப் போயி விடுதி வாசல்ல நின்னேன். உள்ள பத்துப் பதினஞ்சு பொடிசுக அவளச் சுத்தி நின்னு சேலையப் பிடிச்சு இழுக்குதுக. ஒண்ணு என்னமோ சொல்லுச்சு. இவ சிரிச்சா. வாய்விட்டு, தலையப் பின்னால சாச்சுச் சிரிச்சா சார். அவ அப்படிச் சிரிப்பாங்கிறதே எனக்கு மறந்துபோச்சு. கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். கூப்பிட்டா நின்னுரும்னு தோணுச்சு. திரும்பி வந்துட்டேன்.

தோட்டமா? தோட்டம் கெடக்கு. கவாத்து நாளு தாண்டிப்போச்சு. சாம்பல் நோய் விழுந்திருக்கு. மருந்தடிக்கணும். கத்தரிய எடுத்துட்டுப் பந்தலுக்கடியில போயி நிக்கிறேன், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. முப்பது வருசமா வெட்டின கை. ஆள விட்டுத்தான் வெட்டச் சொல்லியிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை நடந்தத மட்டும் சொல்லிர்றேன்.

போனேன். மச்சினன் வீட்டுல யாருமில்ல, கோயில் பூசைக்குப் போயிருந்தாங்க. அவ மட்டும் கூடத்துல ஒக்காந்து விடுதிக்குச் சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. நான் எதுத்தாப்புல சேரப் போட்டு ஒக்காந்தேன். "சலேத்து, நான் தப்பா என்ன சொன்னேன்னு ஒரே வார்த்தையில சொல்லிரு. திருத்திக்கிறேன்"னேன்.

"தப்பா ஒண்ணும் சொல்லலைங்க. வேதத்துல உள்ளதுதானே"ன்னா.

"அப்ப வா."

கொஞ்ச நேரம் உரிச்சா. அப்புறம், "அந்தத் தியானத்த எனக்கு ஒரு தடவ சொல்லுங்க"ன்னா.

"பதினாறு தடவ கேட்டிருக்கியே!"

"நான் எங்க கேட்டேன்? நெருப்புக்கிட்ட நின்னேன், அடுப்புக்கிட்ட நின்னேன். நீங்க வந்தவுகளப் பாத்துத்தானே சொன்னீங்க. என்னயப் பாத்துச் சொல்லுங்க. மொதல்ல இருந்து."

எனக்குச் சந்தோசம் சார். இவ்வளவுதானான்னு இருந்துச்சு. அவள மதிச்சுக் கூப்பிட்டு உக்காத்தி வச்சுச் சொல்லலைன்னு கோவம் போலன்னு நெனச்சேன். தொண்டையச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன். அப்பா தோட்டக்காரரு, சொன்னேன். கவாத்து, சொன்னேன். வெட்டின எடத்துல தண்ணி வடியுறது, கொடி அழுவுறது, எல்லாம் சொன்னேன். அவ கத்தியக் கையில வச்சபடியே என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா. கண்ணுல தண்ணி ஓடுது. வெங்காயம் உரிச்சா ஓடத்தானே செய்யும்? தொடைக்கக் கூட இல்ல.

அப்புறம் கடைசிக் கிளைக்கு வந்தேன். "காய்க்கவே காய்க்காத கிளைன்னு ஒண்ணு இருக்கும்"னு சொன்னேன். அவ பாத்துக்கிட்டே இருக்கா.

அதுக்கு மேல வரல சார்.

சத்தம் வரல. மனப்பாடம் எனக்கு, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். தொண்டைய என்னமோ அடைச்சிருச்சு. வருசக் கணக்கா மருந்தடிக்கிறோம்ல, தொண்டையில படிஞ்சிருக்கும். "தண்ணி குடு"ன்னேன். எந்திரிச்சுப் போயிக் கொண்டு வந்தா. குடிச்சேன். மறுபடி ஆரம்பிச்சேன். மறுபடி அதே எடம். "இதால"ன்னு வாய் தெறந்துச்சு, அடுத்த வார்த்தை வரல.

அவ ரொம்ப நேரம் காத்திருந்தா. கோவமாக் காத்திருக்கல. நான் சொல்லணுமேன்னு அவளும் தவிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் வெங்காயத் தோலையெல்லாம் முந்தியில அள்ளிக்கிட்டு எந்திரிச்சா. "பரவால்லைங்க. அடுத்த வாரம் வந்து சொல்லுங்க. இப்பக் கிளம்புனா பதினோரு மணி பஸ்ஸப் பிடிச்சிரலாம்"னா.

அதான் சார் இப்பப் போறேன்.

வாரம் பூரா தோட்டத்துல நின்னு சொல்லிப் பாத்தேன். கணீர்னு வருது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் எட்டிப் பாக்குறான், இன்னாசிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு. இப்ப உங்ககிட்டயும் சொன்னேன்ல, பிரயோசனம் உண்டா, ஒரே வெட்டு, நெருப்பு, எல்லாம் சொன்னேன்ல. எங்கயாவது தடுக்குச்சா? தடுக்கலையே. அங்க போயி அவளுக்கு முன்னாடி ஒக்காந்தா என்ன ஆகும்னுதான் தெரியல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சொல்லி முடிச்சுட்டேன்னா வந்துருவா. வேற எதையும் அவ கேக்கலையே? வந்துருவாள்ல சார்? நீங்க குடும்பஸ்தரு, உங்களுக்குத் தெரியும்ல. சொல்லி முடிச்சா வந்துருவாதானே?

ஏன் சார் எம் முழங்கையப் பிடிக்கிறீங்க?

ஆமா. அதுதான் ஆலடி விலக்கு. அந்தா, ஆலமரம் பின்னால போகுது.

வேண்டாம், வேண்டாம், கண்டக்டரக் கூப்பிடாதீங்க. அவரு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாரு. காதுல விழுந்துச்சு சார். எந்திரிக்க முடியல.